பக்கக் கணக்கு போன பிறகு

இணையம் வந்ததும் செய்திக்கும் கதைக்கும் முதலில் அற்றுப்போனது அளவு. அச்சுப் பத்திரிகை மூன்று அளவுகளுக்குள் அடங்கி வாழ்ந்தது: இத்தனை பக்கம், இத்தனை மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும், இந்த ரயிலிலோ வேனிலோ பார்சல் ஏறியாக வேண்டும். இவற்றை மீறி எந்தச் செய்தியும் நுழைய முடியாது, எந்தத் தொடர்கதையும் நீள முடியாது. நாளிதழின் உதவி ஆசிரியர் ஒரு விபத்துச் செய்தியைப் பத்து வரியாக வெட்டியதும், வார இதழ் ஆசிரியர் கதைமாந்தரை ஆபத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டுத் ‘தொடரும்’ போட்டதும் பெரும்பாலும் இடம் போதாமல்தான். தமிழில் செய்தி நடை என்றும் தொடர்கதை நடை என்றும் இன்று பழகிப்போனவை அந்த இட நெருக்கடியில் பிறந்தவை. அந்த நெருக்கடி நீங்கியபோது நடைகள் மட்டும் மாறவில்லை. எது செய்தி, அது எங்கே முடிகிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற கணக்குகளும் கலைந்தன.

1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் தமிழில் அரசியல் செய்தி எழுதுவதற்கு ஒரு மொழியை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1904இல் பாரதி அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கும் வேலையில் தன் உரைநடையைத் தீட்டிக்கொண்டார். 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி வேறொரு வழியில் போனது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் சிறு வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சுக்கு அருகிலான சொல் என்று அது தனக்கென வகுத்துக்கொண்ட நடை, தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதற்கு ஏற்றதாக இருந்தது. பிறகு ஊருக்கு ஊர் பதிப்புகள் பெருகின. நெல்லைப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்த கண்மாய்த் தகராறு வேலூர்ப் பதிப்பில் இருக்காது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நன்மையும் ஒரு கேடும் உண்டு. சிறிய ஊருக்குச் சொந்தப் பக்கம் கிடைத்தது. ஆனால் அந்த ஊரின் துயரம் அந்த ஊருக்குள்ளேயே நின்றுபோனது. சேரியில் நடந்த தாக்குதல் ஒன்று மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் நான்கு வரியாக வந்து மறைந்ததற்கும் இதே அளவுக்கணக்கு பயன்பட்டிருக்கிறது. அச்சின் கட்டுப்பாட்டை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் இதை மறந்துவிடுவது நியாயமல்ல.

கதையிலும் அப்படித்தான். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. வாசகர்கள் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்துகொண்டார்கள். அத்தியாயத்தின் நீளம், அதன் கடைசி வரியில் வரும் திடுக்கிடல், முந்தைய வாரத்தை நினைவூட்டும் தொடக்கம் எல்லாமே இதழின் பக்கத்துக்கும் ஏழு நாள் இடைவெளிக்கும் ஏற்ப அமைந்தவை. தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவு நாளுக்குச் சில கட்டங்களாக நகர்ந்து, முடிவில்லாத எதற்கும் தமிழில் ஓர் உவமையாகவே ஆகிவிட்டது. சிறுபத்திரிகைகளின் நெருக்கடி இன்னும் கடுமையானது. மணிக்கொடியும் எழுத்தும் சந்தாவையும் ஆசிரியரின் கைப்பணத்தையும் நம்பி வந்தவை. அச்சுப் பாரக் கணக்கு பார்த்துத்தான் ஒரு கதையை இந்த இதழில் போடுவதா, அடுத்ததற்குத் தள்ளுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. தமிழ்ச் சிறுகதையின் இறுக்கத்துக்கு அழகியல் காரணங்களோடு இந்தக் காகிதக் காரணமும் உண்டு.

தமிழ் இணையத்துக்குள் நுழைந்தது எளிதாக நடக்கவில்லை. 1995இல் சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, அந்நாட்டுக் கவிதைகளை வலையேற்றும் திட்டம் ஒன்றில் தமிழையும் திரையில் வரவைத்தார். தமிழ் வலைப்பக்கத்தின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவது அதைத்தான். சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். இவர்கள் யாரும் பத்திரிகை முதலாளிகள் அல்லர். தாய்மொழியில் ஒரு மடல் எழுத முடியவில்லையே என்ற தவிப்பு இவர்களையும் இவர்களைப் போன்ற புலம்பெயர்ந்த பொறியாளர்களையும் உந்தியது.

அப்போதைய பெரிய சிக்கல் குறியீடு. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதைத் தரவிறக்கி நிறுவாதவருக்குப் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். ஓர் இதழின் செய்தியை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது, தேடினால் அகப்படாது. மின்மடல் வழியே பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து ‘திஸ்கி’ என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாப், தாம் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகே அது வீட்டுக் கணினியில் நடைமுறைக்கு வந்தது. 2005இல் செல்லினம் கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தது. 2017இல் கூகுள் குரல்வழித் தட்டச்சுக்குத் தமிழையும் சேர்த்தது. இந்த இருபதாண்டு உழைப்பு தமிழ் இதழியல் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. ஒரு மூதாட்டி தன் பேரனுக்குத் தமிழில் செய்தி அனுப்புவதும், ஒரு விவசாயி தன் ஊர் ஏரி ஆக்கிரமிப்பைப் படம் பிடித்து விளக்கம் எழுதுவதும் அந்த உழைப்பின் மேல் நிற்கின்றன.

எழுத்துரு பிடிபட்டதும் இதழ்கள் முளைத்தன. 1999இல் திண்ணை அமெரிக்காவிலிருந்து வாராவாரம் வரத் தொடங்கியது. சிறுபத்திரிகையின் சண்டைகளும் தேடல்களும் அங்கே தபால்தலை இல்லாமல் நடந்தன. சுஜாதா அம்பலம் மின்னிதழில் எழுதினார். 2009இல் சொல்வனம் வந்தது. அச்சிதழில் எட்டுப் பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை போட ஆசிரியர் தயங்குவார். மின்னிதழ்களில் இருபது பக்கக் கட்டுரை சாதாரணமாயிற்று. இதனால் தமிழுக்குக் கிடைத்த ஆதாயம் உண்மையானது: இசை, அறிவியல், பிறமொழி இலக்கியம் பற்றி விரிவாக எழுதக்கூடியவர்கள் இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இழப்பும் உண்மையானது. வெட்டப்பட வேண்டிய பத்திகள் வெட்டப்படாமலே வெளிவந்தன. நல்ல ஆசிரியரின் சிவப்பு மையில் பாதி இடப் பற்றாக்குறையின் பெயரால் ஓடியது. இடம் பெருகியபோது வெட்டுவதற்கான சாக்கும் போய்விட்டது.

அளவு நீங்கியதன் மிகப் பெரிய விளைச்சல் ஜெயமோகனின் வெண்முரசு. 2014 ஜனவரி 1 அன்று ‘முதற்கனல்’ என்ற முதல் நாவலோடு தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக அவருடைய இணையதளத்தில் வெளிவந்து, 2020இல் 26ஆவது நாவலோடு நிறைவுற்றது மகாபாரதத்தின் அந்த மறுபுனைவு. எந்த வார இதழும் இதைத் தாங்கியிருக்காது. வாரம் ஓர் அத்தியாயமாக அச்சில் வந்திருந்தால் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். வாசகர்கள் காலையில் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்றே கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களும் பதில்களும் அதே தளத்தில் வந்தன. கல்கிக்கும் கடிதங்கள் வந்தன, ஆனால் அவை வந்து சேர்வதற்குள் அடுத்த இதழ் அச்சாகியிருக்கும். வெண்முரசில் கவனிக்க வேண்டியது வேகத்தைவிட ஒழுங்கு. அளவே இல்லாத ஊடகத்தில் அந்த நூல் தனக்குத்தானே ஓர் அளவை விதித்துக்கொண்டது: நாளுக்கு ஓர் அத்தியாயம், நாவலுக்கு ஓர் இடைவெளி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. எடுத்ததை முடிப்பது இணையத்தில் அரிது என்பதால் அந்த முற்றுப்புள்ளி கூடுதல் மதிப்புடையது.

மறுமுனையில் பிரதிலிபி போன்ற செயலிகள் தொடர்கதையை வேறொரு கணக்குக்குள் கொண்டுவந்தன. பெங்களூரில் 2014இல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஏராளமான தமிழ்ப் பெண்கள் குடும்பக் கதைகளையும் காதல் கதைகளையும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்கள் கதையின் அருகிலேயே நிற்கின்றன. மாத நாவல்களும் வாடகை நூலகங்களும் வளர்த்த வாசிப்பு இங்கே குடிபெயர்ந்தது என்று சொல்லலாம். இலக்கிய இதழ்கள் இந்த எழுத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அது தவறு. சமையலறை வேலை முடிந்த பின் கைப்பேசியில் கட்டைவிரலால் நாவல் எழுதும் பெண்ணுக்கு முந்தைய காலத்தில் எந்தப் பதிப்பாளரும் கதவு திறந்திருக்க மாட்டார். அவர் எழுதுவதன் தரத்தைப் பேச முதலில் அதைப் படிக்க வேண்டும்.

செய்தியில் அளவு உடைந்ததன் மிகக் கூர்மையான தமிழ் உதாரணம் ஈழத்தில் நிகழ்ந்தது. 1997இல் புலம்பெயர்ந்த தமிழர்கள் தொடங்கிய தமிழ்நெட் ஆங்கிலத்தில் செய்தி வெளியிட்டது. ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிவந்த டி. சிவராம் அதில் சேர்ந்து, வடக்கிலும் கிழக்கிலும் இருந்த உள்ளூர் நிருபர்களை ஒரு வலையாகக் கோத்தார். இடம், நேரம், எண்ணிக்கை, சொன்னவர் என்று உணர்ச்சி கலக்காத செய்தி நிறுவன நடையை அது கைக்கொண்டது. விடுதலைப் புலிகள் பக்கம் சாய்ந்தது என்ற விமர்சனம் அதன்மீது எப்போதும் இருந்தது. ஆனாலும் கொழும்பில் இருந்த தூதரகங்களும் வெளிநாட்டு நிருபர்களும் அதைப் படித்தார்கள். மட்டக்களப்பில் ஒரு வயல்வெளியில் நடந்த சம்பவம் கொழும்பின் ஆசிரியர் மேசையைத் தாண்டாமலே உலகத்தை எட்டியது அப்போதுதான். மானுடவியலாளர் மார்க் விட்டேக்கர் சிவராமைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2005 ஏப்ரல் 28 இரவு சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் அவர் உடல் நாடாளுமன்றத்துக்கு அருகே கிடைத்தது. 2007 ஜூனில் இலங்கைக்குள் அந்தத் தளம் முடக்கப்பட்டது.

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. சுடர் ஒளி நாளிதழ் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்கள் சுடப்பட்டிருந்ததைக் காட்டின. அதே மாதம் 24ஆம் தேதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009இல் வன்னியின் கடைசிப் போர்க்களத்துக்குள் சுதந்திரமான பத்திரிகையாளர்கள் எவரும் அனுமதிக்கப்படவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதற்குப் பின்னால் கிடைத்த சாட்சியங்களில் பெரும்பகுதி அங்கிருந்தவர்களின் கைப்பேசிகளிலும் சிறு கேமராக்களிலும் பதிந்தவை. சிலவற்றைப் பதிந்தவர்கள் கொன்றவர்களே. 2011இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படம் அவற்றைக் கொண்டுதான் உருவானது. இணையம் செய்தியை மலிவாக்கிவிட்டது என்ற பொதுப் பேச்சுக்கு ஈழத்தின் அனுபவம் பொருந்தவில்லை. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் யாரோ உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அச்சும் இணையமும் ஒரே இரவில் இடம் மாறிக்கொண்டது 2015 டிசம்பரில். டிசம்பர் 1 அன்று பெய்த மழையிலும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரிலும் அடையாற்றின் கரைகள் மூழ்கின. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வந்து சேர முடியாததால், டிசம்பர் 2 அன்று தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழ் இப்படியொரு காரணத்தால் வராமல் போனது அதுவே முதல் முறை என்று நிறுவனம் தெரிவித்தது. செய்தி அன்று நிற்கவில்லை. எந்தத் தெருவில் எத்தனை அடி நீர், எந்த மாடியில் கைக்குழந்தையோடு சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு இருக்கிறது, எந்தப் பள்ளியில் சோறு கிடைக்கும் என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடிக்கொண்டே இருந்தது. நகரத்தை விட்டு என்றோ போனவர்கள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் உட்கார்ந்து, கூகுள் தாளில் முகவரிகளை வரிசைப்படுத்திப் படகுக்காரர்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். இதில் நிருபர் யார், வாசகர் யார் என்ற கோடு இல்லை. இதைச் செய்தித்தாள் ஒருபோதும் செய்திருக்க முடியாது. செய்தித்தாள் நடந்ததைச் சொல்லும், இது நடந்துகொண்டிருப்பதில் கைவைத்தது.

அதே நாட்களில் அதே வழியில் வேறு சிலவும் ஓடின. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் மிதப்பதாக ஒரு செய்தி; பண்ணை மறுத்தது. சென்னையில் வரலாறு காணாத மழை இனிமேல்தான் கொட்டப்போகிறது என்று நாசா எச்சரித்ததாக இன்னொன்று. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. இவற்றைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் உடையவர்கள் என்று கொள்ளத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்குப் படகு வந்த செய்தியை அனுப்பிய அதே கை, அதே பதற்றத்தோடு முதலைச் செய்தியையும் அனுப்பியிருக்கக்கூடும். இரண்டும் ஒரே மாதிரிக் கட்டத்துக்குள், ஒரே எழுத்தில், மாமாவிடமிருந்தோ தோழியிடமிருந்தோ வந்தன. செய்தித்தாளில் தலையங்கத்துக்கு ஓர் இடம், ஜோசியத்துக்கு ஓர் இடம், விளம்பரத்துக்கு ஒரு கட்டம் என்று பிரிவு இருந்தது. எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதை வாசகர் பக்கத்தின் அமைப்பிலிருந்தே பழகிக்கொண்டார். கைப்பேசித் திரையில் அந்தத் தடுப்புச் சுவர்கள் இல்லை. அந்த வெள்ளத்துக்குப் பின் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜானின் பக்கத்தை லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். அரசு வானிலைத் துறையைச் சாராத ஒருவர், காரணங்களோடும் வரைபடத்தோடும் எளிய மொழியில் விளக்கியதால் கிடைத்த நம்பிக்கை அது. பதற்றப்படாதீர்கள் என்று சொல்லும் ஒரு குரலுக்கு மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதையும் அது காட்டியது.

2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்து தரவின் விலை சரிந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சிகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இதே வழி ஒரு கொடுமைக்கும் காரணமாயிற்று. குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாகக் குரல் பதிவுகளும் காணொளிகளும் வட மாவட்டங்களில் பரவின. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊரார் சூழ்ந்து அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் இந்தியாவின் பல மாநிலங்களில் சுற்றிய காணொளிகளில் ஒன்று கராச்சியில் எடுக்கப்பட்டது. குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய விழிப்புணர்வுப் படம் அது. தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவதுதான் அதன் முடிவு. யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். எஞ்சிய துண்டு உண்மைக் கடத்தலாகத் தெரிந்தது. ஒரு கதையின் கடைசிச் சில நொடிகள் இல்லாமல் போனது மனிதர்களைக் கொல்லத் துணை செய்தது.

இதன் பிறகு அளவு திரும்பி வந்தது, வேறு வேடத்தில். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. மறுபகிர்வுக்கு அடையாளக் குறியும் போட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. செய்திகள் மறைகுறியீட்டில் போவதால் நிறுவனம் உள்ளடக்கத்தைப் படிப்பதில்லை. கைமாறிய எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறது. நாளிதழ் ஆசிரியர் படித்துப் பார்த்து வெட்டினார், வெட்டியது தவறென்றால் அவரிடம் சண்டைக்குப் போகலாம், அவர் பெயர் இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். இந்தப் புதிய கட்டுப்பாட்டுக்கு முகம் இல்லை. அது பரவலின் வேகத்தைக் குறைத்தது என்பதை ஏற்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் செய்தி ஓட்டத்துக்கு எவ்வளவு அகலம் என்பதை வேறொரு கண்டத்தில் இருக்கும் நிறுவனம் ஒரு மென்பொருள் திருத்தத்தால் தீர்மானிப்பது பழக்கமாகிவிடக் கூடாது.

போலியின் வடிவமும் தேர்ச்சி பெற்றது. தொலைக்காட்சிகள் வெளியிடும் செய்தி அட்டைகளை அதே நிறம், அதே முத்திரை, அதே எழுத்துருவோடு போலியாகச் செய்து, தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாகப் பரப்புவது தமிழ்நாட்டுத் தேர்தல் காலங்களின் வாடிக்கை. 2017இல் தொடங்கிய யூடர்ன் போன்ற தளங்கள் இவற்றைச் சரிபார்ப்பதையே வேலையாகக் கொண்டன. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகத் தொடர்பற்ற காணொளிகள் இந்தியில் பரவியபோது, தொழிலாளர்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். காவல்துறைத் தலைவரே காணொளி வெளியிட்டு மறுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு மாநில அரசு தனக்கென ஓர் உண்மை சரிபார்ப்பகம் அமைத்தது. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பது நீண்ட காலத்துக்கு நல்லதல்ல. சரிபார்ப்பு இதழியலின் வேலை. அதைத் தனித் தொழிலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மூலச் செய்தியைச் சரிபார்க்காமல் முந்திப் போடும் போக்குதான் மாற வேண்டியது.

முந்திப் போடும் அவசரத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது. நாளிதழின் விற்பனை விலை அதன் தயாரிப்புச் செலவை ஒருபோதும் ஈடுகட்டவில்லை. வரன் தேவை, வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை என்ற வரி விளம்பரங்களும் ஜவுளிக்கடை, நகைக்கடை முழுப்பக்கங்களும் நிருபரின் சம்பளத்தைக் கொடுத்தன. வரி விளம்பரம்தான் முதலில் கழன்றது. வரன் தேட பாரத்மேட்ரிமோனியும் வேலை தேட நௌக்ரியும் இணையத்தில் முன்பே தோன்றிவிட்டன. பெரிய விளம்பரத்தின் கணிசமான பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. 1924இல் தொடங்கிய மலேசியாவின் தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. கல்கி 2020இல் அச்சுப் பதிப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. எஞ்சிய நிறுவனங்கள் ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணத் தொடங்கின. ‘இதுதான் காரணமா?’, ‘என்ன சொன்னார் தெரியுமா?’ என்று விடையை ஒளித்துவைக்கும் தலைப்புகள் அப்படி வந்தவை. தினத்தந்தியின் பழைய தலைப்பு எவ்வளவு பரபரப்பானதாக இருந்தாலும் செய்தியைத் தலைப்பிலேயே சொல்லிவிடும். கடை வாசலில் தொங்கும் சுவரொட்டியைப் படித்துவிட்டுக் காசு கொடுக்காமல் போகிறவருக்கும் விஷயம் தெரியும். வாசகரின் நேரத்துக்கு அதில் ஒரு மரியாதை இருந்தது.

மாவட்ட நிருபர்கள்தான் இந்த மாற்றத்தில் அதிகம் நசுங்கினார்கள். நீதிமன்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு பத்திச் செய்தியோடு வருபவரைவிட, மேசையில் இருந்தபடி பத்துக் காணொளிகளுக்குத் தலைப்பு எழுதுபவர் நிறுவனத்துக்கு மலிவு. ஆனால் இணையத்திலேயே இதற்கு எதிர்வழியும் உண்டு. பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி தளம், கிராமப்புற இந்தியாவின் உழைப்பையும் வாழ்வையும் விரிவான கட்டுரைகளாக, புகைப்படங்களோடு, தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாக வெளியிடுகிறது. மதுரையைச் சேர்ந்த மு. பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்களையும் கடலோரப் பெண்களையும் பற்றி அதில் பதிவுசெய்த படங்கள், எந்த மாவட்டப் பதிப்பின் கீழ் மூலையிலும் அடங்காதவை. விளம்பரத்தை நம்பாமல் நன்கொடையை நம்புவதால் அது சாத்தியமாகிறது.

அதிகாரம் செய்தியைத் தண்டிக்கும் முறையும் மாறிவிட்டது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காகத் தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. எழுந்த எதிர்ப்பில் சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். பிறகு உயர்நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். அந்த இதழ் மட்டும் வாசகர்களின் கைகளில், வீடுகளில், முடிதிருத்தும் கடைகளில் அப்படியே இருந்தது. அதை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் என்ற மின்னிதழில் பிரதமர் மோடி கைவிலங்கோடு அமெரிக்க அதிபர் டிரம்ப் அருகே அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வந்தது. பிப்ரவரி 15 முதல் விகடனின் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் ஒரு படத்துக்காக, அந்தத் தளத்தில் சேர்ந்திருந்த பல்லாண்டுச் செய்திகளும் கதைகளும் வாரக்கணக்கில் மறைந்தன. முன்னதைவிட இது மென்மையான தண்டனை என்று நினைத்தால் வாசகரின் இழப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள்.

எழுத்தோடு குரலும் இணையத்தில் இடம்பிடித்தது. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கதைகளைப் பேச்சின் ஒழுங்கிலேயே எழுதி, ‘கதைசொல்லி’ என்ற பெயரில் ஓர் இதழும் நடத்தினார். அச்சு அந்தக் குரலை முடிந்த அளவு தாங்கியது. இப்போது திருவண்ணாமலையில் பவா செல்லதுரை கூட்டத்தின் நடுவே நின்று, பிறர் எழுதிய சிறுகதைகளைத் தன் வாய்மொழியில் சொல்கிறார். அந்தப் பதிவுகளை யூடியூபில் பேருந்து ஓட்டுநர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் கேட்கிறார்கள். ஸ்ருதி டிவி இலக்கியக் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு பதிவுசெய்து வருகிறது. முப்பது பேர் கேட்ட உரை இன்று மூவாயிரம் பேரை எட்டுகிறது. சொல்லப்படும் கதை எழுதப்பட்ட கதையிலிருந்து விலகுகிறது, நயங்கள் உதிர்கின்றன என்ற குறை நியாயமானதே. என்றாலும் கேட்டவர்களில் சிலர் புத்தகத்தைத் தேடி வருகிறார்கள் என்பதும் பதிப்பாளர்கள் அறிந்தது.

இத்தனையும் எங்கே சேமிக்கப்படும் என்ற கேள்விக்குத்தான் மிகக் குறைவான கவனம் கிடைத்திருக்கிறது. 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களை நுண்படமாக்கிக் காத்துவருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வரலாற்றைச் சுமக்கும் சமூகம் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து இதழ்களையும் நூல்களையும் மின்வருடி ஏற்றுகிறது. அச்சில் வந்தவை இப்படி இணையத்தால் பிழைக்கின்றன; இணையத்திலேயே பிறந்தவை அழிகின்றன. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றுக்கு இடம் கொடுத்த ஜியோசிட்டிசை யாகூ 2009இல் மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற மடற்குழுக்கள் நடந்த யாகூ குழுமங்களின் சேமிப்பு 2019 இறுதியில் நீக்கப்பட்டது. பழைய எழுத்துருவில் இருந்த நாளிதழ்ப் பக்கங்கள், தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் உதிர்ந்தன. வெளிவந்த செய்தியைச் சத்தமில்லாமல் திருத்தவும் நீக்கவும் முடிகிறது. அச்சிதழ் போடும் ‘திருத்தம்’ என்ற சிறு கட்டம் பல தளங்களில் இல்லை.

1954ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின், இதழின் படியையும் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கின்றன. சென்னையின் கன்னிமாரா அவற்றுள் ஒன்று. சந்தாதாரர் குறைவான சிறுபத்திரிகைக்கும் அந்த வழியில் ஓர் அலமாரி உண்டு. அச்சை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு மின்னிதழை எட்டவில்லை. மின்னிதழ் ஒன்றின் இருபதாண்டுச் சேமிப்பு பெரும்பாலும் அதன் ஆசிரியர் ஆண்டுதோறும் தன் பணத்தில் கட்டும் வழங்கி வாடகையில் நிற்கிறது. இணையத்தில் மட்டும் வெளிவரும் தமிழ் இதழ்களின் படிகளை முறையாகப் பெற்றுக் காக்கும் பொறுப்பைக் கன்னிமாராவோ தமிழ் இணையக் கல்விக்கழகமோ ஏற்பதற்குப் பெரும் தொழில்நுட்பம் தேவையில்லை. ஓர் ஆணையும் ஒரு சிறு நிதியும் சில ஊழியர்களும் போதும்.